எங்களுக்கும் இப்படித்தான்

ஸ்ரீரங்கம்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

உனக்குப் பீரியட்ஸ் ஒன்பது நாள் நீள்கிறது, கறைக்குப் பயந்து கடைசி பெஞ்சில் உட்காருகிறாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். "எங்களுக்கும் இப்படித்தான் இருந்தது, சரியாகிவிடும்" என்றும் சொன்னாள். அதைக் கேட்டதும்தான் எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் திருவெள்ளறையில் ஸ்வஸ்திகக் கிணறு இருக்கிறதே, பல்லவன் தந்திவர்மன் காலத்தில் வெட்டியது. ஒரு துறையில் குளிப்பவரை மற்றத் துறையில் இருப்பவர் பார்க்க முடியாது. நம் வீட்டுப் பெண்களும் ஒரே கூரையின் கீழ் அப்படித்தான் மறைத்து வாழ்ந்தோம்.

நீ கணக்கு வை. ஏழு நாளைத் தாண்டினாலோ, மணிக்கொரு நாப்கின் நனைந்தாலோ, பத்து ரூபாய் நாணயத்தளவு கட்டிகள் போனாலோ அது அதிகப்போக்கு. காலண்டரில் குறித்து டாக்டரிடம் காட்டு. திருச்சி புத்தூர் அரசு மருத்துவமனையில் மகளிர் நோய்ப் பிரிவு இருக்கிறது.

ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. தைராய்டும் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் ஸ்கேன். உன் வயதில் பெரும்பாலும் ஹார்மோன் இன்னும் சீர்படாததே காரணம். சிலருக்கு ரத்தம் உறைவதில் பிறவிக்குறை இருக்கும். வான் வில்லிபிராண்ட் நோய் அப்படிப்பட்டது; பரம்பரையாக வருவது. ஆகவே "எங்களுக்கும் இப்படித்தான்" என்பதை அம்மா டாக்டரிடம் சொல்ல வேண்டும். அது ஆறுதல் வார்த்தையல்ல, துப்பு.

சிகிச்சைகள் பல உண்டு. டிரானெக்ஸாமிக் அமிலம் போக்கு இருக்கும் நாட்களில் மட்டும் சாப்பிடுவது. போக்கைக் கிட்டத்தட்டப் பாதியாக்கும். மெஃபனாமிக் அமிலம் வலியையும் குறைக்கும், ஆனால் உறைதல் குறை உள்ளவர்களுக்கு ஆகாது. ஹார்மோன் மாத்திரைகள் சுழற்சியைச் சீராக்கும். கர்ப்பப்பைக்குள் வைக்கும் லெவோநார்ஜெஸ்ட்ரல் சாதனம் ஐந்தாண்டு வரை வேலை செய்யும். நார்க்கட்டி இருந்தால் அதை மட்டும் அகற்றலாம். இரும்புச்சத்து மாத்திரையைக் காபி, டீயோடு சாப்பிடாதே, நெல்லிக்காய் நல்லது.

கர்ப்பப்பையை எடுப்பது கடைசிப் படி. தேவையில்லாமல் எடுப்பதைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் பின்பற்ற வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. அம்மாவிடமும் அத்தையிடமும் இதைச் சொல்.

தேர்த்திருவிழாவுக்காக நாள் தள்ளும் மாத்திரையை நீயாகக் கடையில் வாங்காதே. தலைசுற்றலோ படபடப்போ வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போ.

இந்த வாரமே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ. வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை, கண்ணே.

அன்புடன்,
உன் பெரியம்மா