ஆவரேஜ் பண்ணலாமா, விற்றுவிடலாமா?

"வாங்கின விலை வரட்டும், அன்றைக்கே விற்றுவிடுகிறேன்." நஷ்டத்தில் ஓடும் இணைய நிறுவனப் பங்கைக் கையில் வைத்திருப்பவர்களில் பாதிப்பேர் சொல்வது இதுதான். மீதிப்பேர், "இன்னும் கொஞ்சம் வாங்கி ஆவரேஜ் பண்ணு" என்கிறார்கள். இரு தரப்பும் பேசுவது தாங்கள் கொடுத்த விலையைப் பற்றி மட்டுமே.

பேடிஎம் 2021 நவம்பரில் 2,150 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டது. 2024 மே மாதம் அது 310 ரூபாய்வரை சரிந்தது. அங்கிருந்து பழைய விலையை எட்ட ஏறக்குறைய ஏழு மடங்கு ஏற வேண்டும். நீங்கள் 2,150-க்கு வாங்கினீர்களா, 600-க்கு வாங்கினீர்களா என்பதற்கும் நிறுவனத்தின் பிழைப்புக்கும் சம்பந்தமே இல்லை. அந்த எண்ணை முதலில் மறந்துவிடுங்கள்.

பார்க்க வேண்டியது கையிருப்பு. காலாண்டு முடிவுகளை எடுத்து, ரொக்கமும் முதலீடுகளும் எவ்வளவு, ஒரு காலாண்டில் எவ்வளவு கரைகிறது என்று பாருங்கள். வகுத்தால் எத்தனை காலாண்டு தாங்கும் என்பது தெரிந்துவிடும். ஜொமேட்டோ 2021-ல் திரட்டிய 9,375 கோடியில் 9,000 கோடி நிறுவனத்துக்கே போனது. அடுத்த ஜூலையில் பழைய முதலீட்டாளர்களுக்கான ஓராண்டு லாக்-இன் (விற்கக் கூடாத காலம்) முடிந்ததும் அவர்கள் விற்றார்கள்; 76 ரூபாய்க்கு வெளியிட்ட பங்கு 40 ரூபாய்ப் பக்கம் விழுந்தது. அந்த வாரத்தில் தொழில் ஒன்றும் கெட்டுவிடவில்லை. 2023 ஜூன் காலாண்டில் முதல் லாபம் வந்தது, வெறும் 2 கோடி. 2024 டிசம்பரில் விலை 300 ரூபாயைத் தொட்டது.

ஆனால் கையிருப்பு மட்டுமே காப்பாற்றிவிடாது. 2022 டிசம்பரில் 850 கோடிக்குப் பங்குகளைத் திரும்ப வாங்க முடிவெடுக்கும் அளவுக்கு பேடிஎம்மிடமும் பணம் இருந்தது. அடி வேறு இடத்திலிருந்து வந்தது. பேடிஎம் பேமெண்ட்ஸ் வங்கி புதிய வாடிக்கையாளர்களைச் சேர்க்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சிலேயே உத்தரவிட்டிருந்தது. 2024 ஜனவரி 31-ல் புதிய வைப்புகளுக்கும் தடை என்று அறிவித்தபோது பலர் திடீர் இடி என்றார்கள். ஏறக்குறைய இரண்டு வருடம் முன்னதாகவே கதவைத் தட்டிய இடி! உரிமத்தை நம்பி நடக்கும் தொழிலென்றால், நிறுவனத் தலைவரின் பேட்டியைவிட ஒழுங்குமுறை அமைப்பின் ஒரு பக்க அறிவிப்பு முக்கியம்.

"லாபத்துக்கு வந்துவிட்டது" என்று யாராவது சொன்னால், எதிலிருந்து வந்த லாபம் என்று கேளுங்கள். 2024 செப்டம்பர் காலாண்டில் பேடிஎம் 930 கோடி லாபம் காட்டியது. சினிமா, நிகழ்ச்சி டிக்கெட் தொழிலை ஜொமேட்டோவுக்கு 2,048 கோடிக்கு விற்றதில் வந்தது அது. அதைக் கழித்தால் நஷ்டம்தான். ஊழியர்களுக்குத் தரும் பங்குகளின் செலவை ஒதுக்கிவிட்டுக் காட்டும் 'சரிசெய்யப்பட்ட' லாபத்தையும் நான் கணக்கில் எடுப்பதில்லை.

ஆவரேஜ் பண்ணியே ஆக வேண்டுமா? விலை இறங்கியது என்பதற்காக மட்டும் வேண்டாம். தொடர்ந்து இரண்டு காலாண்டாவது, ஒருமுறை வரவு எதுவுமில்லாமல், நஷ்டம் சுருங்கட்டும். அப்போதும் மொத்த முதலீட்டில் ஐந்து சதவீதத்தைத் தாண்டாதீர்கள். இது என் அளவுகோல், கண்டிப்பான விதி அல்ல.

விற்பது என்று முடிவெடுத்தால் வரிக் கணக்கையும் பாருங்கள். ஓராண்டுக்குள் விற்ற நஷ்டத்தை எந்த மூலதன ஆதாயத்திலும் கழிக்கலாம்; அதற்குமேல் வைத்திருந்து விற்றதை நீண்டகால ஆதாயத்தில் மட்டுமே கழிக்க முடியும். மிச்சத்தை எட்டு ஆண்டுவரை எடுத்துச்செல்லலாம், ரிட்டர்னைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்திருந்தால்.