டியூப் லைட் சிமிட்டுகிறதா? ஸ்டார்ட்டரில் தொடங்குங்கள்

சோக், ஸ்டார்ட்டர் உள்ள நாலடி டியூப் லைட் மக்கர் செய்தால், பலர் முதலில் புது டியூப்தான் வாங்குகிறார்கள். வீண் செலவு.

1. மெயினை அணைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். சில வீடுகளில் சுவிட்சை நியூட்ரலில் இணைத்திருப்பார்கள். சுவிட்சை அணைத்தாலும் ஃபிட்டிங்கில் மின்சாரம் இருக்கும். அணைத்த பிறகும் டியூப் இருட்டில் மங்கலாக மினுங்கினால் இதைச் சந்தேகியுங்கள். எலக்ட்ரீஷியனிடம் சொல்லி மாற்றுங்கள்.

2. பக்கத்து அறையில் நன்றாக எரியும் விளக்கின் ஸ்டார்ட்டரைக் கழற்றி இதில் போட்டுப் பாருங்கள். பளிச்சென்று எரிந்தால் பழைய ஸ்டார்ட்டர்தான் போயிருக்கிறது. இருப்பதிலேயே விலை குறைந்த பாகம் இது. வீட்டில் ஒன்று கூடுதலாக வைத்திருங்கள்.

3. இரண்டு முனையும் செக்கச்செவேலென்று இருக்கிறது, நடுவில் வெளிச்சமில்லை என்றால், பெரும்பாலும் ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் தகடுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவை பிரியும் கணத்தில்தான் சோக்கிலிருந்து உயர் வோல்டேஜ் பாய்ந்து டியூப் பற்றிக்கொள்ளும். ஒட்டியபடியே விட்டால் முனையிலுள்ள இழைகள் காய்ந்து நல்ல டியூபும் கெட்டுவிடும். உடனே அணையுங்கள்.

4. முனைகள் நன்றாகக் கறுத்து, ஸ்டார்ட்டர் மாற்றியும் சிமிட்டினால் டியூபின் ஆயுள் முடிந்தது.

5. எந்த அசைவுமே இல்லையா? டியூபைக் கழற்றி, முனையிலுள்ள பின்களை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் திரும்ப மாட்டுங்கள். கடலோர ஊர்களில் உப்புக்காற்றால் பின்கள் சீக்கிரம் களிம்பேறும். நொறுங்கும் ஹோல்டரை மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் டியூப் தலையில் விழும்.

6. 'உர்ர்' என்ற இரைச்சல் வந்தால் சோக்கின் திருகுகள் தளர்ந்திருக்கலாம், முறுக்குங்கள். கருகிய வாடை அடித்தாலோ, புது டியூப்கள் அடுத்தடுத்துப் போனாலோ சோக்கைச் சோதிக்க வேண்டும். அது எலக்ட்ரீஷியன் வேலை.

7. மாலையில் மட்டும் பற்றத் திணறினால் வோல்டேஜ் குறைவு. எலக்ட்ரானிக் சோக் போட்டால் குறைந்த வோல்டேஜிலும் எரியும், ஸ்டார்ட்டரும் வேண்டாம்.

8. டியூபுக்குள் பாதரசம் இருக்கிறது. உடைந்தால் குழந்தைகளை வெளியே அனுப்பி, ஜன்னல்களைத் திறந்து கால் மணி நேரம் விடுங்கள். விளக்குமாறு வேண்டாம், தூள் பரவும். கெட்டி அட்டையால் சில்லுகளை அள்ளி, ஈரத்தாளால் துடைத்து, எல்லாவற்றையும் மூடியுள்ள டப்பாவில் போட்டு, தூய்மைப் பணியாளரிடம் இன்னதென்று சொல்லித் தனியாகக் கொடுங்கள்.