அருமை அறிதல்

‘அருமை’ என்னும் தமிழ்ச்சொல் இருபொருள் தருவது. எளிதிற் கிடையாமை ஒன்று. உயர்ந்த மதிப்பு மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி மயங்குவார் பலர். கிடைத்தற்கரிய பொருள் யாவும் மதிப்புப் பெறுவதில்லை. மதிப்புப் பெற்ற பொருள் யாவும் கிடைத்தற்கரியதும் அன்று. இதனை நன்கு விளக்குவன, அமெரிக்க நாட்டுச் சிறுவர் ஒரு காலத்தில் சட்டைப்பையில் இட்டுத் திரிந்த சிறு பட அட்டைகளாம்.

நம் நாட்டில் கிரிக்கெட்டுக்கு உள்ள ஏற்றம் அமெரிக்காவில் பேஸ்பால் என்னும் பந்தாட்டத்திற்கு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அந்நாட்டுச் சிகரெட்டு வணிகர், பெட்டியுள் சிகரெட்டுகள் நசுங்காதிருக்கத் தடித்த அட்டை ஒன்றை வைத்தனர். அதில் ஆட்டவீரர் படத்தை அச்சிட்டமையால் வாணிகமும் பெருகிற்று. பின்னாளில் சூயிங்கம் செய்வோர் இவ்வழக்கத்தை மேற்கொண்டனர். சிறுவர் இவ்வட்டைகளைத் தம்முள் மாற்றிக்கொண்டனர். மிதிவண்டிச் சக்கரத்தில் செருகிப் படபடவென ஒலி எழுப்பினர். அவர்கள் வளர்ந்து வீட்டை விட்டுச் சென்றபின் தாய்மார் பலர் அவற்றைக் குப்பையில் இட்டனர். எஞ்சியவற்றையே இன்று ஏலத்தில் பெரும்பொருள் கொடுத்து வாங்குகின்றனர்.

1909 முதல் 1911 வரை அமெரிக்கப் புகையிலைக் குழுமம் ஒரு வரிசை வெளியிட்டது. அதில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட அட்டைகள் உண்டு. பிட்ஸ்பர்க் நகர வீரர் ஹோனஸ் வாக்னரின் அட்டை அவ்வரிசையிலிருந்து விரைவில் நிறுத்தப்பட்டது. தம் படத்தை விரும்பிச் சிறுவர் புகையிலை வாங்குதல் தகாது என்று அவர் மறுத்தார் என்பர் சிலர். அவரே புகையிலை மெல்லும் வழக்கமுடையவர். ஆதலின் பணம் பற்றிய பிணக்கே காரணம் என்பர் வேறு சிலர். எதுவாயினும், இன்று அறியப்பட்டவை ஏறத்தாழ அறுபதே. 2022-ஆம் ஆண்டில் ஒன்று 72½ இலட்சம் டாலருக்கு விலைபோயிற்று.

அதே வரிசையில் ஜோ டாயில் என்பவரின் அட்டையும் உண்டு. நியூயார்க் நகரில் அக்காலத்தில் வெவ்வேறு கூட்டமைப்பைச் சார்ந்த இரு பெருங்குழுக்கள் இருந்தன. அச்சிட்டோர் டாயிலைத் தவறாக மற்றைக் கூட்டமைப்பில் சேர்த்துவிட்டுப் பின்னர்த் திருத்தினர். பிழையுடன் வெளிவந்தவற்றுள் இன்று அறியப்பட்டவை பத்தளவே. எண்ணிக்கையால் வாக்னர் அட்டையினும் இது மிக அரியது. ஆயினும் அதன் விலையை இஃது எட்டியதில்லை. 1936-இல் பேஸ்பாலின் புகழ்மன்றத்திற்கு முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐவருள் வாக்னர் ஒருவர். டாயிலை நினைவுகூர்வார் அட்டை சேர்ப்போரன்றிப் பிறர் இலர்.

இனி, கணக்கால் அறியத்தக்க ஒன்றைக் காண்போம். 1952-இல் புரூக்ளினில் இருந்த டாப்ஸ் என்னும் நிறுவனம் 407 அட்டைகளைப் பகுதி பகுதியாக வெளியிட்டது. 311 முதல் 407 வரையுள்ள இறுதிப் பகுதி ஆட்டப்பருவம் முடியும் வேளையில் வந்தது. சிறுவர் மனம் வேறு ஆட்டத்திற்குச் சென்றுவிட்டது, கடைக்காரரும் வாங்கவில்லை. விற்காது தேங்கிய அட்டைகளை 1960-இல் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக, அவற்றை உருவாக்கிய சை பெர்கர் என்பவரே கூறியுள்ளார். ஆகவே இப்பகுதி முழுவதும் அரியதே. ஆனால் அச்சுத்தாளில் இருந்தவை நூறு கட்டங்கள், அட்டைகளோ தொண்ணூற்றேழு. எஞ்சிய மூன்று கட்டங்களை நிரப்ப மூவர் படங்கள் இருமுறை அச்சாயின. அம்மூவருள் ஒருவர் மிக்கி மேன்டில். அவர் அட்டை தன் பகுதியிலுள்ள பிறவற்றினும் இருமடங்கு அச்சிடப்பட்டது. எனினும் நல்ல நிலையிலிருந்த ஒன்று 2022-இல் 1 கோடியே 26 இலட்சம் டாலர் பெற்றது!

அவ்வரிசையின் முதல் எண் பெற்ற ஆன்டி பாப்கோவின் அட்டை வேறு வகையில் அரியது. சிறுவர் அட்டைகளை எண்முறையில் அடுக்கி ரப்பர் வளையத்தால் கட்டுவர். மேலிருந்த பாப்கோ தேய்ந்தார், மடிந்தார். அவ்வட்டை கிடைக்கும், மாசற்றதாய்க் கிடைத்தல் அரிது.

வேண்டுமென்றே விளைத்த அருமையும் உண்டு. 1933-இல், அமெரிக்கா வறுமையுற்றிருந்த காலத்தில், பாஸ்டன் நகரக் கவுடி நிறுவனம் ஒரு சென்ட்டுக்குச் சூயிங்கமும் அட்டையும் விற்றது. 240 எண்கள் கொண்ட வரிசையில் 106-ஆம் எண்ணை மட்டும் வெளியிடவில்லை. குறையை நிரப்பச் சிறுவர் மேன்மேலும் வாங்கினர். கையிலிருந்த காசையெல்லாம் இழந்தும் இல்லாத ஒன்றைத் தேடிய அச்சிறுவரின் ஏமாற்றத்தை என்னென்பது! மனம் பொறாது கடிதம் எழுதியவர்க்கு, 1934-இல் நெப்போலியன் லாஜோய் என்னும் வீரரின் அட்டை அவ்வெண்ணிட்டு அஞ்சலில் வந்தது. கடிதத்தோடு சேர்த்துக் குத்திய கம்பிக்கவ்வியின் தழும்பை அவற்றுட் பலவற்றில் இன்றும் காணலாம்.

இக்காலத்தில் அட்டைகளை ஆராய்ந்து, தரம் குறித்து, உறையிட்டுத் தரும் நிறுவனங்கள் உள்ளன. ஒவ்வோர் அட்டையும் எத்தனை தம்மிடம் வந்தன என்னும் பட்டியலையும் அவை வெளியிடுகின்றன. அப்பட்டியல் பயனுடையதே; ஆயினும் அது வந்தவற்றின் கணக்கேயன்றி உள்ளவற்றின் கணக்கு அன்று. மேலான தரம் வேண்டி ஒரே அட்டையை உறைநீக்கி மீண்டும் அனுப்புவார் உளர்; ஒன்று இரண்டாக எண்ணப்படும். மலிவான அட்டையைக் கட்டணம் செலுத்தி அனுப்புவார் சிலரே. நூறு பத்தாகத் தோன்றும்.

எவரும் அனுப்பாதவையும் உண்டு. 2012-இல் ஒகையோ மாநிலத்து டிஃபையன்ஸ் என்னும் ஊரில், தம் பாட்டனார் வீட்டை ஒழுங்குசெய்த பேரப்பிள்ளைகள் பரணில் ஓர் அட்டைப்பெட்டியைக் கண்டனர். உள்ளே 1910-ஆம் ஆண்டைச் சார்ந்த ஏறத்தாழ எழுநூறு பேஸ்பால் அட்டைகள், சிறுவர் கை படாமல், முனை மழுங்காமல் இருந்தன. அவ்வரிசையில் அத்துணைத் தூயன அதற்குமுன் காண்டல் அரிது. ஒரு நூற்றாண்டுக் காலம் அப்பெட்டி எவர் கணக்கிலும் சேராது பரணிலேயே கிடந்தது.