செஞ்சியில் ராணிகளின் வீட்டைப் பார்ப்பது எப்படி?

செஞ்சிக்குப் போய் வந்தேன் என்று சொன்னால், "ராஜகிரி ஏறினீங்களா?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். உச்சிக்குப் போனால்தான் கோட்டையைப் பார்த்ததாகக் கணக்கு. அடிவாரத்துக் கல்யாண மகாலின் முன்னால் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு, மூச்சு வாங்க மலையேறி, வெயிலில் வாடி இறங்கி, பேருந்தைப் பிடித்துவிடுகிறோம்.

நானும் இரண்டு முறை அப்படித்தான் போய் வந்தேன். மூன்றாம் முறை அம்மாவும் கூட வந்தார். முழங்கால் வலியால் அவரால் மலையேற முடியாது. கல்யாண மகாலின் முற்றத்தில் நிழல் பார்த்து உட்கார்ந்தவர், கோபுரத்தை அடியிலிருந்து நுனிவரை பார்த்துவிட்டுக் கேட்டார்: "இத்தனை மாடிக்கும் தண்ணி எப்படிடா போயிருக்கும்?"

பாதி ஆயுளைக் குடம் சுமந்தே கழித்தவருக்கு அந்தக் கேள்விதான் முதலில் வரும். முற்றுகை, பீரங்கி, குதிரை என்று போர்க்கதை மட்டுமே படித்திருந்த எனக்குப் பதில் தெரியவில்லை. அதைத் தேடப் போய்த்தான், இந்தக் கோட்டையை இங்கே குடியிருந்த பெண்களின் பக்கம் நின்று பார்க்கும் வழி எனக்குக் கிடைத்தது. அந்த வழியைத்தான் இங்கே சொல்கிறேன். ஒரு நாள் போதும். மலை ஏற முடியாதவர்களும் இதில் முக்கால்வாசியைப் பார்த்துவிடலாம்.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் கான்டன் என்ற ஊர் இருக்கிறது. அதிபர் மெக்கின்லியின் மனைவி ஐடாவின் குடும்ப வீட்டை அங்கே பேணி, அதிபர்களின் மனைவியர் வரலாற்றுக்கென்றே தேசிய நினைவிடமாக வைத்திருக்கிறார்கள். ஆண்டவர்களின் கதையை அவர்கள் வீட்டுக்குள்ளிருந்து சொல்லும் முயற்சி அது. நம் ஊரில் அப்படிப் பெயர்ப்பலகை மாட்டிய வீடு இல்லாவிட்டாலும், செஞ்சியில் சுவரும் முற்றமும் குளமும் மிச்சமிருக்கின்றன. அவற்றைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

கிளம்பும் முன்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் இருக்கிறது செஞ்சி. திண்டிவனத்திலிருந்து சுமார் 28 கிலோமீட்டர். திருவண்ணாமலையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் 40 கிலோமீட்டருக்குள். கோட்டை ஊரிலிருந்து மேற்கே இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோவில் போகலாம். திரும்பும்போதும் ஆட்டோ வேண்டும் என்று அப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். சித்திரை, வைகாசியில் பாறை கொதிக்கும். பெரியவர்களையும் குழந்தைகளையும் அப்போது அழைத்துப் போகாதீர்கள். தொல்லியல் துறை அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் வழக்கமான விடுமுறை என்பதால் அந்த நாளையும் தவிர்த்துவிடலாம்.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி அல்லது குடை, வழுக்காத செருப்பு, கட்டுச்சாதம், ஒரு சின்ன நோட்டு இவை போதும். தின்பண்டத்தைக் கையில் தொங்கும் பாலிதீன் பையில் எடுத்துப் போகாதீர்கள். குரங்குகள் அதைப் பறிக்காமல் விடாது. மூடிய முதுகுப் பையே நல்லது.

முதல் படி: ராணிக்கோட்டையில் தொடங்குங்கள்

செஞ்சிக் கோட்டை என்பது ஒரு மலை அல்ல. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளை இணைத்துச் சுமார் 13 கிலோமீட்டர் நீளத்துக்கு மதில் ஓடுகிறது. சாலைக்கு வடக்கே இருக்கும் கிருஷ்ணகிரியைத்தான் ஊரார் ராணிக்கோட்டை என்கிறார்கள். காலையில் திறந்தவுடன் அங்கே போய்விடுங்கள். இந்தியர்களுக்குக் கட்டணம் 25 ரூபாய். 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம். சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ராஜகிரிப் பக்கமும் காட்ட வேண்டியிருக்கும்.

ராஜகிரியைவிட இது ஏறச் சுலபம். அரை மணியிலிருந்து முக்கால் மணிக்குள் நிதானமாகப் போய்விடலாம். மேலே களஞ்சியங்கள், கோயில்கள், குவிமாடம் தாங்கிய ஒரு மண்டபம் எல்லாம் இருக்கின்றன. அந்த மண்டபத்தின் சாளரத்து மேடையில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். காற்று பிய்த்துக்கொண்டு போகும். கீழே சமவெளி முழுவதும் தெரியும்.

உட்கார்ந்திருக்கும்போது தாராபாயை நினைத்துக்கொள்ளுங்கள். சத்ரபதி சிவாஜியின் இளைய மகன் ராஜாராம் முகலாயரிடமிருந்து தப்பி வந்து செஞ்சியை மராட்டியர் தலைநகராக்கிக்கொண்டார். ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690இல் தொடங்கிய முற்றுகை 1698 வரை நீண்டது. அந்த முற்றுகைக் காலத்தின் நடுவில்தான் ராஜாராமின் மனைவி தாராபாய் மராட்டிய நாட்டிலிருந்து இங்கே வந்து கணவரோடு சேர்ந்தார். 1696இல் அவருக்கு மகன் பிறந்தான். வெளியே எதிரியின் கூடாரங்கள், உள்ளே பிள்ளைப்பேறு. 1700இல் ராஜாராம் இறந்த பிறகு, அந்தச் சிறுவனை அரியணையில் வைத்து, ஏழாண்டுகள் ஔரங்கசீப்பின் படைகளுக்கு எதிராக மராட்டியரை நடத்தியவர் அதே தாராபாய்தான். அப்போது அவருக்கு வயது 25 சொச்சம். முற்றுகை என்றால் என்ன என்று அவர் படித்த பள்ளிக்கூடம் செஞ்சி என்றே நான் நினைக்கிறேன்.

இரண்டாம் படி: சின்ன அருங்காட்சியகம்

கீழே இறங்கிச் சாலையைக் கடந்து ராஜகிரி அடிவாரக் கோட்டைக்கு வாருங்கள். நுழைவாயில் பக்கத்தில் இருக்கும் அருங்காட்சியகம் சின்னதுதான். அரை மணி நேரம் போதும். செஞ்சியையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்த பல காலத்துச் சிற்பங்கள் அங்கே இருக்கின்றன.

எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். பெண் உருவங்களை மட்டும் தேடுங்கள். கொண்டை எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது, காதில் என்ன தொங்குகிறது, புடவை மடிப்பை எப்படிச் செதுக்கியிருக்கிறார்கள் என்று கவனியுங்கள். இரண்டை நோட்டில் வரைந்துகொள்ளுங்கள், கோணலாக வந்தாலும் பரவாயில்லை. வரைந்தால்தான் கண் நிற்கும். செஞ்சி என்ற பெயரே செஞ்சியம்மன் பெயரால் வந்தது என்பது இந்த ஊரின் நம்பிக்கை. ராஜகிரிக்குப் போகும் வழியில் இருப்பதும் கமலக்கண்ணியம்மன் கோயில்தான். ராஜாக்கள் மாறிக்கொண்டே இருந்த மலையில் அம்மன் இடம் மாறவில்லை.

மூன்றாம் படி: கல்யாண மகால்

பெயரைப் பார்த்துத் திருமண மண்டபம் என்று நினைத்துவிடக் கூடாது. நாயக்கர் காலத்து அரண்மனை வளாகத்தில் அரச குடும்பத்துப் பெண்கள் இருந்த பகுதி இது. நடுவே ஏழெட்டு நிலையாக அடுக்கி, உச்சியில் கூம்பாக முடியும் கோபுரம். கீழே சதுரமான முற்றம், சுற்றிலும் வளைவு வைத்த தாழ்வாரங்களும் அறைகளும், பக்கத்தில் படிகள் இறங்கும் குளம். இதற்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். பார்க்கும் வரிசை இது:

1. முதலில் முற்றத்தின் நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். உள்ளே திறந்திருக்கும் வீடு, வெளியே மூடியிருக்கும். நம் பழைய முற்றம் வைத்த வீடுகளின் கணக்கும் அதுதான்.

2. தாழ்வாரத்து நிழலில் நடந்து பாருங்கள். வெயில் நேரத்தில் முற்றத்துக்கும் தாழ்வாரத்துக்கும் உள்ள சூட்டு வேற்றுமை உள்ளங்காலிலேயே தெரியும்.

3. கோபுரத்தின் நிலைகளைக் கீழிருந்து எண்ணுங்கள். மேலே ஏற விடாத நாளிலும் படிக்கட்டின் குறுகலைப் பார்க்கலாம். ஒருவர் ஏறினால் எதிரே வருபவர் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். புடவை கட்டியவர் கையில் விளக்கோடு இதில் ஏறியிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

4. இனி அம்மாவின் கேள்வி. மதிலுக்கு வெளியே உள்ள குளத்திலிருந்து சுட்ட மண்குழாய் வழியாகத் தண்ணீரைக் கொண்டுவந்து, கோபுரத்தின் ஆறாம் நிலைவரை ஏற்றியிருக்கிறார்கள். குழாய் போன தடத்தைக் காட்டச் சொல்லி அங்கிருக்கும் பணியாளரிடம் கேளுங்கள். இந்தக் கோட்டையில் என்னை வியக்க வைத்தது பீரங்கி இல்லை, இந்தக் குழாய்தான்.

அங்கிருந்து பக்கத்துக் குதிரை லாயத்தையும், பெரிய களஞ்சியத்தையும் பாருங்கள். அகழாய்வில் வெளிவந்த அரண்மனையின் அடித்தளமும் அருகில்தான் இருக்கிறது. களஞ்சியத்துக்குள் போனதும் குரல் கொடுத்துப் பாருங்கள். அதன் கொள்ளளவு காதுக்குத் தெரிந்துவிடும். முற்றுகைக் காலத்தில் உள்ளே இருப்பவர்கள் உயிர் பிழைத்தது இந்தச் சுவர்களை நம்பித்தான்.

நான்காம் படி: குளக்கரையில் சற்று நேரம்

அடிவாரக் கோட்டைக்கு வெளியே செட்டிகுளம், சக்கரகுளம் என்று இரண்டு குளங்கள் உண்டு. அந்தப் பக்கத்தில்தான் தேசிங்குராஜனின் சிதை எரிந்த மேடை இருக்கிறது.

தேசிங்கு எனத் தமிழ் நாட்டார் பாடும் தேஜ் சிங், செஞ்சியை ஆண்ட ராஜபுத்திரர் சொரூப் சிங்கின் மகன். கப்பப் பாக்கி தகராறில் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு மோதி, 1714 அக்டோபரில் போர்க்களத்தில் விழுந்தபோது அவருக்கு வயது 22 என்பார்கள். அவர் மனைவி உடன்கட்டை ஏறினார். கதைப்பாடல் அவரை ராணிபாய் என்கிறது. யோசித்தால் அது பெயர்கூட இல்லை, ராணி என்பது பதவி, பாய் என்பது மரியாதை. அவர் நினைவாக நவாப் ஏற்படுத்திய ஊர் என்று சொல்லப்படுவதுதான், ஆற்காட்டுக்கு எதிரே பாலாற்றங்கரையில் இருக்கும் ராணிப்பேட்டை. 2019இல் அது மாவட்டமே ஆகிவிட்டது. ஒரு மாவட்டத்துக்குப் பெயர் தந்தவரின் சொந்தப் பெயர் நம் வாயில் இல்லை.

பிள்ளைகள் கூட இருந்தால் இந்த இடத்தை மறைக்காமல் சொல்லுங்கள், ஆனால் பெருமையாகச் சொல்லாதீர்கள். வாழ வேண்டிய வயதில் ஒரு பெண் எரிந்த இடம் இது. 1829இல் வங்காளத்திலும் அடுத்த ஆண்டு சென்னை மாகாணத்திலும் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியிருந்த கொடுமை அது. கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பதே அவருக்கு நாம் செய்யும் மரியாதை.

ஐந்தாம் படி: திரும்பும் வழியில்

நேரம் இருந்தால் வெங்கடரமணர் கோயிலைப் பாருங்கள். கோபுர வாசலில் இராமாயணக் காட்சிகளும் பாற்கடல் கடைவதும் புடைப்புச் சிற்பங்களாக இருக்கின்றன. புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயரமான கல்தூண்கள், பிரெஞ்சுக்காரர்கள் இங்கிருந்து எடுத்துப் போனவை. போரில் வென்ற சாதத்துல்லா கான் 1717–18இல் கட்டிய பள்ளிவாசலும் இதே கோட்டைக்குள்தான்.

ராஜகிரி ஏறத் தெம்பு இருப்பவர்கள் அதற்கென்று இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். மேலே போய்த் திரும்ப மூன்று மணி நேரமாவது வேண்டும். பிற்பகலுக்கு மேல் ஏற விடமாட்டார்கள்.

2025 ஜூலையில், மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாகச் செஞ்சியை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் தமிழ்நாட்டுக் கோட்டை இது ஒன்றுதான். இனிக் கூட்டம் கூடும். சுவரில் பெயர் கிறுக்குகிறவர்களைப் பார்த்தால் வாய் திறந்து தடுங்கள். பெயர் எழுதப்படாமலே போன பெண்கள் வாழ்ந்த சுவர் அது. அதன்மேல் நம் பெயரை எழுத நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

போன தை மாதம் அம்மாவை மறுபடி அழைத்துப் போனேன். குழாய் போன தடத்தைக் காட்டி, விடை கண்டுபிடித்துவிட்ட தெம்பில் விளக்கிச் சொன்னேன். சுவரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு அம்மா கேட்டார்: "சரி, இதுல அடைப்பு வந்தா யாரு ஏறி எடுத்திருப்பா?"

நோட்டில் அடுத்த கேள்வியாக அதை எழுதி வைத்திருக்கிறேன்.