பக்கத்து வயல்காரரும் நிற்க வேண்டும்
(உலக நில அளவை மாநாடு பற்றி ஒரு பாடம்)

 

எங்கள் தாத்தாவுக்குக் குத்தாலம் பக்கத்தில் மூணு மா நிலம் இருக்கிறது. நம்ம ஊர்க் கணக்கில் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஒரு மா என்பது சுமார் 33 சென்ட். ஆக, மூணு மா கிட்டத்தட்ட ஒரு ஏக்கர்.

சில வருஷத்துக்கு முன்னாடி அங்கே வரப்புத் தகராறு வந்தது. சர்வேயரைக் கூட்டிவந்து அளந்து கல் நட்டார்கள். அன்று பக்கத்து வயல்காரர் வேலைக்காகத் திருப்பூர் போயிருந்தார். அவருக்காக யாரும் காத்திருக்கவில்லை. பொங்கலுக்கு வந்தவர், "நான் இல்லாதப்ப நட்ட கல்லு செல்லாது" என்று பிடுங்கிப் போட்டுவிட்டார். பிறகு இரண்டு வீட்டாரும் நிற்க, மறுபடியும் அளந்தார்கள். என்ன ஆச்சரியம்! கல் பழைய இடத்துக்கே வந்தது. ஆனால் இந்த முறை யாரும் அதைத் தொடவில்லை.

"அளவு சரியா இருந்தா மட்டும் போதாதுடா. பக்கத்து வயக்காரனும் நின்னு பாத்திருக்கணும்" என்றார் தாத்தா. உலக நாடுகள் கூடி நடத்தும் அளவை மாநாட்டுக்கும் இதுதான் அடிப்படை. எப்படி என்று பார்ப்போமா?

தஞ்சைக் கோயிலில் அறுந்த கயிறு

நில அளவை நமக்குப் புதுசு இல்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே ராஜராஜ சோழன் நாட்டை அளக்க வைத்தார். வேலியின் மிகச் சிறிய பின்னம் வரை கணக்கு எழுதிய கல்வெட்டுகள் தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ளன.

1802 ஏப்ரல் 10-ல் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலை அருகே முதல் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். நீளம் சுமார் 12 கிலோமீட்டர். அளக்க 57 நாள் ஆனது. வெயிலில் எஃகுச் சங்கிலி நீளும் என்பதால் அதற்குக் கூடாரம் போட்டு, வெப்பமானி வைத்து அளந்தார்கள்! பிறகு அந்தக் கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக நாட்டை அளந்து போனார்கள்.

நம் டெல்டாவில் குன்று கிடையாது. தூரத்தைப் பார்க்க வழியில்லை. அதனால் கோயில் கோபுரங்களின் மேல் கருவியை ஏற்றினார்கள். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில், சுமார் அரை டன் எடையுள்ள தியோடலைட்டை மேலே இழுக்கும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி வளைந்தது. லாம்டன் அதைத் தூக்கி எறியவில்லை. ஆறு வாரம் கூடாரத்துக்குள் இருந்து, தானே சீர் செய்தார்.

ஏன் அவ்வளவு கவலை? ஒரு முக்கோணத்தின் பக்கம்தான் அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடு. தஞ்சாவூரில் தப்பு செய்தால், அது அடுத்த ஊருக்கும் போய்விடும்.

நாடுகள் கூடுவது எதற்கு?

ஊருக்கு ஊர் இப்படி என்றால், நாட்டுக்கு நாடு? இப்போது செயற்கைக்கோள் வைத்து அளக்கிறோம். அது எல்லா நாட்டுக்கும் மேலே சுற்றுகிறது. அதோடு, நம் இந்திய நிலத்தட்டு வருஷத்துக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கிறது. பத்து வருஷத்தில் ஒரு முழத்துக்கும் மேல்! நம் வயலும் பக்கத்து வயலும் சேர்ந்தே நகர்வதால் வரப்புக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் செயற்கைக்கோள் காட்டும் எண் மாறும். இந்த நகர்வை ஒரு நாடு தனியாக இருந்து கணக்கிட முடியாது. அதனால்தான் 2015 பிப்ரவரியில் ஐ.நா. பொதுச்சபை, உலகம் முழுவதற்கும் ஒரே அளவை அடிப்படை வேண்டும் என்று தீர்மானம் போட்டது.

இது போன்ற விஷயங்களைப் பேச, ஐ.நா. சார்பில் உலகப் புவிசார் தகவல் மாநாடு நடக்கிறது. முதல் மாநாடு 2018-ல் சீனாவின் தெச்சிங் நகரில் நடந்தது. இரண்டாவது மாநாடு 2022 அக்டோபர் 10 முதல் 14 வரை நம் ஹைதராபாத்தில்! மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை முன்னின்று நடத்தியது. 1767-ல் தொடங்கிய இந்திய நில அளவைத் துறை அந்தத் துறையின் கீழ்தான் இருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட நாட்டினர் கலந்துகொண்டனர்.

பந்தல், சாப்பாடு, மேடை எல்லாம் முக்கியம்தான். ஆனால் மாநாட்டுத் தலைவர்களின் பெரிய வேலை, யாரை அழைப்பது, எதைப் பேசுவது என்று முடிவு செய்வது. ஹைதராபாத் மாநாட்டின் கருப்பொருளிலேயே "ஒருவரும் விட்டுப் போகக் கூடாது" என்ற கருத்தை வைத்தார்கள். பணக்கார நாட்டிடம் நல்ல கருவி இருக்கும். ஏழை நாட்டிடம் வரைபடமே பழசாக இருக்கும். வெள்ளம் வந்தால் எந்தத் தெரு முழுகும் என்று சொல்லவும் வரைபடம் வேண்டுமே! புயலும் வெள்ளமும் பார்த்த நமக்கு இது புரியும்.

செய்து பாருங்கள்

இரண்டு குழுவாகப் பிரியுங்கள். ஒரே கயிற்றால் நம் விளையாட்டு மைதானத்தைத் தனித்தனியாக அளந்து, விடையை ஒப்பிடுங்கள். வேறுபாடு வந்தால் சண்டை போடாதீர்கள். இரண்டு குழுவும் சேர்ந்து நின்று மூன்றாம் முறை அளங்கள். அந்த மூன்றாவது அளவைத்தான் எல்லாரும் ஒத்துக்கொள்வீர்கள்.

எங்கள் வரப்புக் கல் இன்னும் நிற்கிறது. பக்கத்து வயல்காரர் இந்த வருஷம் எங்கள் வயலுக்கும் சேர்த்து மடை திறந்துவிட்டார்.


— 9-ஆம் வகுப்பு மாணவன்