நாயின் ஈறு நோய்: பிரஷா, மெல்லும் குச்சியா, மயக்கம் கொடுத்துச் சுத்தம் செய்வதா?

நாய் என்றால் வாய் நாறத்தான் செய்யும் என்று விட்டுவிடுகிற வீடுகள் அதிகம். நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் நாயின் வாய் அப்படி நாறாது. மூன்று வயதைத் தாண்டிய நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு ஏதோ ஓர் அளவில் ஈறு நோய் இருக்கிறது. பொமரேனியன், ஷிட்ஸு, டாஷண்ட் போன்ற சிறிய இனங்களைச் சீக்கிரமே பிடித்துக்கொள்ளும். அந்தச் சின்னத் தாடைக்குள்ளும் 42 பற்கள் நெருக்கியடித்து நிற்க வேண்டியிருப்பது ஒரு காரணம்.

எந்த வழி என்று முடிவெடுக்கும் முன், மேலுதட்டைப் பக்கவாட்டில் மெல்லத் தூக்கிக் கடைவாயில் இருக்கும் பெரிய பல்லைப் பாருங்கள். உமிழ்நீர்க் குழாய் அதன் அருகே திறப்பதால் காரை அங்கேதான் நிறையப் படியும். பல்லை ஒட்டிய ஈறு ஓரத்தில் சிவப்புக் கோடு மட்டும் தெரிந்தால் அது ஆரம்பக்கட்ட அழற்சியாக இருக்கலாம். கவனித்தால் முழுதாக ஆறிவிடும். ஈறு விலகி வேர் தெரிகிறது, சீழ் வருகிறது, பல் ஆடுகிறது என்றால் பல்லைத் தாங்கும் எலும்பே கரைந்திருக்கிறது. கரைந்த எலும்பு தானாக வளராது.

தடுப்பதற்கு பிரஷுக்கு இணை எதுவும் இல்லை. பல்லில் படியும் மெல்லிய படலம் இரண்டு மூன்று நாளில் உமிழ்நீரின் தாதுக்களோடு சேர்ந்து காரையாக இறுகிவிடும். இறுகிய பிறகு பிரஷால் ஒன்றும் செய்ய முடியாது. தினமும் தேய்க்கச் சொல்வது அதனால்தான். வாரம் ஒருமுறை தேய்ப்பதால் ஏறக்குறைய பலனே இல்லை. குழந்தைகளுக்கான மிருதுவான பிரஷ் போதும். பல்லின் வெளிப்பக்கத்தை, ஈறு ஓரத்தை ஒட்டித் தேய்த்தால் போதும். பேஸ்ட் மட்டும் நாய்க்கென்று விற்பதாக இருக்கட்டும். நம்முடைய பேஸ்டில் சைலிட்டால் இருந்தால் நாயின் ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கும், கல்லீரலும் கெடலாம். ஈறு ஏற்கெனவே வீங்கி வலிக்கிற நாயிடம் பிரஷைக் கொண்டுபோகாதீர்கள். அதற்கு முதலில் சிகிச்சை வேண்டும். வலித்த அனுபவத்துக்குப் பிறகு அது பிரஷைப் பார்த்தாலே ஓடும்.

தேய்க்கவே விடாத நாய்களுக்கு மெல்லும் குச்சி, பல்லுக்கென்று செய்த பெரிய உருண்டைத் தீவனம், குடிநீரில் கலக்கும் திரவம் என்று பல உண்டு. இவற்றில் குச்சியையும் தீவனத்தையும் நான் முன்னே வைப்பேன். பல்லில் உரசுகிற வேலையை அவை செய்கின்றன. குச்சி கொடுத்தால் அதற்கேற்பச் சாப்பாட்டைக் குறைக்க வேண்டும். திரவம் மட்டும் போதும் என்று இருக்க முடியாது. அமெரிக்காவில் இயங்கும் விஓஹெச்சி என்ற கால்நடைப் பல் நலக் குழு, சோதனை முடிவுகளைப் பார்த்து முத்திரை தருகிறது. அட்டையில் அந்த முத்திரை இருந்தால் கொஞ்சம் நம்பி வாங்கலாம். கறிக்கடை எலும்பு பல்லைச் சுத்தமாக்கும் என்ற நம்பிக்கையை மட்டும் விட்டுவிடுங்கள். பெரிய கடைவாய்ப் பல் பிளந்துபோக எலும்பு ஒரு முக்கியக் காரணம். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் பதியாத எதுவும் நாய் மெல்லத் தக்கதல்ல.

காரை இறுகிவிட்டால் சிகிச்சைதான். தவறான தேர்வு அதிகம் நடப்பது இங்கேதான். மயக்க மருந்து இல்லாமல், நாயைப் பிடித்துவைத்துக்கொண்டு காரையைச் சுரண்டித் தருவதாகச் சொல்கிறார்கள். செலவு குறைவு, ஆபத்தும் இல்லை என்று தோன்றும். அப்படிச் செய்தால் பல் வெளுக்கும், நோய் அப்படியே இருக்கும். நோய் குடியிருப்பது ஈறுக்கு அடியில். விழித்திருக்கும் நாய் அங்கே கருவி நுழைய விடாது. பல் பளிச்சென்று இருப்பதைப் பார்த்து நாமும் நிம்மதியாகிவிடுவோம், உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும்.

மயக்கம் கொடுத்துச் செய்யும்போது மருத்துவர் மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஈறுக்குள் இறக்கி ஆழம் பார்ப்பார். நாய்க்கு 3 மில்லிமீட்டர் வரை இயல்பு. அதற்கு மேல் போனால் எலும்பு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதை எக்ஸ்ரேதான் சொல்லும். பிறகு ஈறுக்கு அடியிலும் சுத்தம் செய்து, பல்லை மெருகேற்றுவார்கள். தேதி குறிக்கும் முன் கேளுங்கள்: ரத்தப் பரிசோதனை உண்டா, மூச்சுக்குழாயில் குழாய் பொருத்துவார்களா, பல் எக்ஸ்ரே இருக்கிறதா, மயக்கத்தின்போது இதயத்துடிப்பையும் மூச்சையும் தொடர்ந்து கவனிக்கத் தனி ஆள் உண்டா? தெளிவான பதில் வராவிட்டால் வேறு மருத்துவமனையைப் பாருங்கள். வயதான நாய் என்பதற்காக மட்டும் தள்ளிப்போட வேண்டாம். இதயம், சிறுநீரகம் எப்படி இருக்கின்றன என்று பார்த்து மருத்துவர் முடிவு செய்யட்டும். ஆன்டிபயாட்டிக் மாத்திரை மட்டும் கொடுத்தால் நாற்றம் சில நாள் அடங்கும், பிறகு திரும்பிவிடும்.

எலும்பில் பாதிக்கு மேல் கரைந்திருந்தால் பல்லை எடுப்பதே பெரும்பாலும் நல்லது. பல் போனால் எப்படிச் சாப்பிடும் என்று கலங்குகிறவர்கள் உண்டு. வலித்த பல் போனதும் நாய்கள் முன்னைவிட நன்றாகவே சாப்பிடுகின்றன. தையல் ஆறும்வரை குழைந்த சாதமோ ஊறவைத்த தீவனமோ கொடுங்கள். ஆறிவிட்டது என்று மருத்துவர் சொன்னதும் மீதிப் பற்களுக்கு பிரஷைத் தொடங்கிவிடுங்கள்; சுத்தம் செய்த பல்லில் ஒரே நாளில் படலம் மறுபடி படியத் தொடங்கிவிடும்.