மாலை போட்டால் நிறுத்திவிடுகிறாரே, அப்புறம் என்ன?

ஐப்பசி முடிந்து கார்த்திகை நெருங்கினால் போதும், என் புறநோயாளிப் பிரிவில் ஒரே பேச்சு பல வாய்களிலிருந்து வரத் தொடங்கிவிடும். “அவரு குடிகாரரெல்லாம் இல்லீங்க டாக்டர். மாலை போட்டா 48 நாளும் கடைப் பக்கமே தலைவெச்சுப் படுக்க மாட்டாரு.” மனைவி சொல்வார், அம்மா சொல்வார், துணைக்கு வந்த மச்சான் சொல்வார். சம்பந்தப்பட்டவரும் நிமிர்ந்து உட்கார்ந்து தலையாட்டுவார். ஈரல் வீங்கியிருக்கும், கை நடுங்கும், வேலையில் இரண்டு முறை எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருப்பார். ஆனால் மாலை என்ற அந்த ஒரு சான்றிதழ் எல்லாவற்றையும் மூடி மறைத்துவிடும்.

குடி குறித்து ஊரில் நூறு கதைகள் உலவுகின்றன. அவற்றில் இந்த ஒன்றுதான், நான் பார்த்தவரை, அதிகம் பேரைச் சிகிச்சைக்கு வராமல் தடுத்து வைத்திருக்கிறது. அதனால் இந்த முறை பெரும்பகுதி இதற்கே.

விரதத்தின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஐயப்பனுக்கோ பழநிக்கோ வேளாங்கண்ணிக்கோ மாலை போட்டு, அந்த நாட்களில் ஒருவர் குடிக்காமல் இருந்தால் அந்த வீட்டில் அடி இல்லை, கடன் இல்லை, பிள்ளைகள் பயப்படாமல் தூங்குகிறார்கள். அது பெரிய விஷயம். நான் சண்டை போடுவது, அந்த 48 நாளைக் காட்டி மிச்சம் 317 நாளுக்கு நற்சான்று கேட்பதோடு.

குடி நோயாகிவிட்டதா என்பதை மருத்துவம் எப்படி அளக்கிறது? உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது. எப்போது தொடங்குவது, எவ்வளவு குடிப்பது, எங்கே நிறுத்துவது என்ற பிடி கையை விட்டுப் போய்விட்டதா? மற்ற வேலைகளையும் உறவுகளையும் உடம்பையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு குடி முன்னால் வந்துவிட்டதா? உடம்பு அதற்குப் பழகிப்போய், அளவு கூடியிருக்கிறதா, நிறுத்தினால் உதறுகிறதா? ஓராண்டு காலத்தில் இந்த மூன்றில் இரண்டு இருந்தால் அது சார்பு நோய். இதில் எங்கேயாவது “எத்தனை நாள் குடிக்காமல் இருக்க முடியும்?” என்ற கேள்வி இருக்கிறதா? இல்லை. குடிநோயாளிகளில் பெரும்பாலானோர் வாழ்நாளில் பல முறை நிறுத்தியவர்கள்தான். நிறுத்துவது அவர்களுக்குத் தெரியும். நிறுத்திய நிலையில் நீடிப்பதுதான் முடியவில்லை.

2013இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 11 அறிகுறிகளைச் சொல்கிறது. 12 மாதத்துக்குள் இரண்டு இருந்தாலே நோய் என்று கணக்கு. குறைக்கவோ நிறுத்தவோ முயன்று முயன்று தோற்பது அந்த 11இல் ஒன்று. “இந்த வருஷம் மாலையோட விட்டுடறேன்” என்று ஆண்டுதோறும் சொல்லி, ஆண்டுதோறும் தை மாதத்தில் கடையில் நிற்பவர் அந்த அறிகுறியைத்தான் காட்டுகிறார். அதே கையேட்டின்படி, நோயின் ஆரம்பத் தணிவு என்று சொல்வதற்கே குறைந்தது மூன்று மாதம் அறிகுறியில்லாமல் இருக்க வேண்டும். ஒரு மண்டலம் அதில் பாதியைத் தாண்டும், அவ்வளவுதான்.

மாலை ஏன் வேலை செய்கிறது? கழுத்தில் இருப்பதை ஊரே பார்க்கிறது. வேட்டி நிறம் மாறுகிறது. விடியற்காலை குளியல், மாலையில் பஜனை என்று, கடைக்குப் போகும் அந்த ஏழு மணி வேளை வேறொன்றால் நிரம்பிவிடுகிறது. கூடக் குடிக்கும் நண்பனும் மாலை போட்டிருக்கிறான், இல்லையென்றால் “சாமி” என்று ஒதுங்கிப் போகிறான். எல்லாவற்றுக்கும் மேலாக, முடிகிற தேதி தெரியும். வெளியிலிருந்து இத்தனை கைகள் தாங்கிப் பிடித்திருக்கின்றன. கழற்றிய அன்று அத்தனையும் ஒரே நேரத்தில் விலகிவிடுகின்றன.

ஆகவே “மாலை போட்டால் நிறுத்துவாரா?” என்று நான் கேட்பதே இல்லை. மாலை போடுவதற்கு முந்தைய வாரம் எவ்வளவு குடித்தார்? இனிமேல் கிடைக்காது என்று இரட்டிப்பாக ஏற்றினாரா? கடைசிப் பத்து நாள் வீட்டில் எப்படி இருந்தார், நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டே எரிந்து விழுந்தாரா? கழற்றிய எத்தனையாவது மணி நேரத்தில் முதல் கிளாஸ்? அந்த முதல் கிளாஸ் ஒரு கிளாஸோடு நின்றதா? இந்தக் கேள்விகளைக் கேட்டதும் அதுவரை அவருக்காக வாதாடிய மனைவி பேச்சை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பார்.

இது வெறும் தவறான நம்பிக்கையாக இருந்தால் இவ்வளவு கோபப்பட மாட்டேன். ஆளைக் கொல்லக்கூடிய நம்பிக்கை இது. தினமும் குடித்துப் பழகிய மூளை, மதுவின் அழுத்தத்துக்கு எதிராக எந்நேரமும் முறுக்கேறியே இருக்கிறது. மதுவைத் திடீரென்று எடுத்துவிட்டால் முறுக்கு மட்டும் மிஞ்சும். ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்குச் சித்தப்பிரமை நிலை வரும். அதற்குச் சிகிச்சை இல்லாவிட்டால் உயிர் போகலாம். உரிய நேரத்தில் பார்த்தால் பெரும்பாலோரைக் காப்பாற்றிவிடலாம்.

கார்த்திகை முதல் வாரத்தில் எங்கள் வார்டுக்கு வந்து பாருங்கள். லாரி ஓட்டுநர் ஒருவர், கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மணி. கட்டிலில் உட்கார்ந்தபடி இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்புகிறார். காலால் பிரேக்கை மிதிக்கிறார். பக்கத்துக் கட்டில்காரரைக் கிளீனர் என்று நினைத்து, “பின்னாடி வண்டி வருதா பாரு” என்கிறார். நடுநடுவே போர்வையில் இல்லாத எறும்புகளைப் பொறுக்கிப் போடுகிறார். வீட்டார் அவரை உடனே கூட்டிவரவில்லை. சாமி குத்தம் என்று நினைத்தார்கள். விரத வீட்டில் தீட்டுப் பட்டுவிட்டதோ என்று பயந்து, மந்திரிக்கிறவரிடம் போய்விட்டு ஒன்றரை நாள் கழித்து வந்தார்கள். அது சாமி குத்தம் இல்லை. தினமும் ஒரு ஆஃப் குடித்த மனிதரை ஒரே இரவில் நிறுத்த வைத்ததன் விளைவு.

இன்னொன்றும் உண்டு. 1978இலேயே பாலெஞ்சர், போஸ்ட் என்ற இரண்டு மருத்துவர்கள் எழுதினார்கள்: குடியைத் திடீரென்று விடுவதும் மறுபடி தொடங்குவதுமாகத் திரும்பத் திரும்ப நடந்தால், ஒவ்வொரு முறையும் மூளை முன்னைவிட மோசமாகத் துள்ளும். பிறகு வந்த ஆய்வுகளும் பலமுறை நிறுத்தித் தொடங்கியவர்களுக்கு வலிப்பு அதிகம் என்றே காட்டுகின்றன. முதல் மூன்று வருஷம் மாலை போட்டபோது ஒன்றும் ஆகவில்லை என்பதால் நாலாம் வருஷமும் ஆகாது என்று யாரும் உறுதி தர முடியாது. “போன வருஷம் நல்லாத்தானே இருந்தாரு?” என்று வார்டு வாசலில் அழுகிறவர்களிடம் இதை எத்தனை முறை சொல்வது?

இந்த நேரத்தில் தெரு முனை கிளினிக்கில் நடக்கும் ஒரு காரியத்தையும் கண்டிக்க வேண்டும். சோர்ந்து வருகிறவருக்கு முதல் வேலையாக ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள். சரியாகச் சாப்பிடாமல் குடித்துக்கொண்டிருந்தவர் உடம்பில் தயமின் என்ற பி1 வைட்டமின் வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், மிச்சம் மீதி இருந்ததும் தீர்ந்து மூளை பாதிக்கப்படலாம். பார்வை தடுமாறும், நடை தள்ளாடும், சிலருக்கு நினைவாற்றல் நிரந்தரமாகப் போகும். தயமின் ஊசி விலை உயர்ந்த மருந்தல்ல. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கார்த்திகைக்கு முன்பே அது இருப்பு இருக்க வேண்டும். “குளுக்கோஸ் ஏத்துங்க” என்று கேட்கும் வீட்டார் “குடிப்பவர்” என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை.

“ஒரு குவார்ட்டர்தான், லிமிட்டா குடிப்பாரு.” குவார்ட்டர் என்பது 180 மில்லி. நம் கடைகளில் விற்கும் பிராந்தி, விஸ்கி, ரம்மில் சாராயம் 42.8 சதவீதம். பெருக்கிப் பாருங்கள், சுமார் 60 கிராம் சுத்தச் சாராயம். உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் என்ற பத்துக் கேள்விப் படிவத்தில் ஓர் அளவு என்பது 10 கிராம். ஆக, ஒரு குவார்ட்டர் ஆறு அளவு. அந்தப் படிவத்தின் மூன்றாவது கேள்வியே “ஒரே நேரத்தில் ஆறோ அதற்கு மேலோ எத்தனை முறை குடிக்கிறீர்கள்?” என்பதுதான். தினமும் ஒரு குவார்ட்டர் குடிப்பவர் முதல் மூன்று கேள்வியிலேயே 10 மதிப்பெண் வாங்கிவிடுகிறார். 8 வந்தாலே ஆபத்து எல்லை. சண்டை, அடிபட்டது, குற்ற உணர்ச்சி பற்றிய கேள்விகள் இன்னும் வரவே இல்லை. இதற்குப் பெயர் லிமிட்டா?

“பீர் சரக்கே இல்லை.” 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் 40 கிராமுக்கு மேல் சாராயம். இரண்டு பாட்டில் குடித்தால் குவார்ட்டரைத் தாண்டியாயிற்று.

“எவ்வளவு போட்டாலும் ஸ்டெடியா நிப்பாரு.” இதைப் பெருமையாகச் சொல்லாதீர்கள். முன்பு ஒரு கட்டிங்கில் வந்த போதைக்கு இப்போது ஒரு ஆஃப் தேவைப்படுகிறது என்றால், உடம்பு பழகிவிட்டது என்று பொருள். மேலே சொன்ன மூன்றில் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது.

“வேலைக்கு ஒருநாள் தவறாமப் போறாரு.” போவார். வேலைதான் கடைசியாகப் போகும். அதற்கு வெகு முன்பே வீட்டில் பேச்சு போயிருக்கும், தூக்கம் போயிருக்கும், பிள்ளையின் பள்ளிக் கூட்டத்துக்கு வருவது போயிருக்கும்.

“ஈரல் டெஸ்ட் நார்மல்.” ரத்தப் பரிசோதனை ஈரலைப் பற்றித்தான் சொல்லும். குடிப்பவர் கையில் பிடி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

“சாப்பாட்டில் கலக்க ஒரு மாத்திரை இருக்காமே?” டைசல்ஃபிராமைத்தான் கேட்கிறீர்கள். அது உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு அடித்துக்கொண்டு, ரத்த அழுத்தம் விழும். இதய நோயாளிக்கு உயிருக்கே ஆபத்து. அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, மருத்துவர் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து அது. தெரியாமல் குழம்பில் கலக்கவே கூடாது. அப்படிக் கலக்கச் சொல்லி விற்பவரிடம் வாங்கவும் கூடாது.

இனி என் கோரிக்கை. எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நடத்திய தேசிய ஆய்வு 2019இல் வெளியானது. மதுச் சார்பு நோய் உள்ள 38 பேரில் ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை போன்ற இடங்கள் இருந்தும், அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுகள் இருந்தும் இந்த நிலை. எங்களால் வாசலுக்குக் கொண்டுவர முடியாத மனிதரை ஒரு குருசாமியால் கொண்டுவர முடியும். மாலை கேட்டு வருகிறவரைத் தனியே அழைத்து, “தினமும் குடிக்கிறியா? காலையில கை உதறுதா? முன்னாடி நிறுத்தினப்ப வலிப்பு வந்துச்சா?” என்று மூன்று கேள்வி கேட்கட்டும். ஒன்றுக்காவது ஆமாம் என்று வந்தால், “முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வா, மாலையை அப்புறம் போட்டுவிடறேன்” என்று சொல்லட்டும். ஐப்பசியிலேயே வந்தால் போதும். டயசிபாம், லோராசிபாம் வகை மருந்தை எங்கள் பார்வையில் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து, ஒரு வாரம் பத்து நாளில் உடம்பைப் பத்திரமாக இறக்கிவிடுவோம். அந்த மாத்திரைகளை நீங்களாகக் கடையில் வாங்கிப் போடாதீர்கள். அவையும் பழகிப்போகும்.

மருத்துவமனையில் இறங்கியவருக்கு மாலை கிடைத்தால் அதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. 48 நாள் தெளிந்த மூளை, சீரான தூக்கம், குடும்பத்தின் நம்பிக்கை. அந்த நாட்களிலேயே ஆலோசனைக்கு வர வேண்டும். கழற்றும் தேதியை முன்கூட்டிச் சொன்னால், அதே வாரத்துக்கு அடுத்த சந்திப்பை எழுதித் தருவோம், வேட்கையைக் குறைக்கும் மருந்து தேவையா என்றும் பார்ப்போம். கழற்றிய அன்று சாயங்காலம் யாரோடு, எங்கே இருக்கப் போகிறார் என்பதையும் அப்போதே முடிவு செய்துவிட வேண்டும். பழைய கூட்டாளிகளின் வண்டியில் ஊர் திரும்ப விடாதீர்கள்.

அவர் வர மாட்டேன் என்றால் நீங்கள் மட்டுமாவது வாருங்கள், அம்மா. அவரில்லாமல் உங்களிடம் பேசுவதாலும் நிறைய நடக்கிறது. வர முடியாவிட்டால் 14416 என்ற டெலிமனாஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. வரும்போது ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள்: கடைசியாக எப்போது குடித்தார், தினமும் எவ்வளவு, முன்பு நிறுத்தியபோது என்ன ஆயிற்று, சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ என்ன மாத்திரை சாப்பிடுகிறார். குடித்த அளவைக் குறைத்து எழுதாதீர்கள், மருந்தின் அளவை நாங்கள் அதை வைத்துத்தான் போடுகிறோம்.